முகத்துக்கு நேரே சொல்லக் கூடாத பெயர்

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற காது கேளாதோர் பள்ளியில் இப்போது அவள்தான் சிறப்பாசிரியை. சைகை மொழியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். அந்தப் பயிற்சியில் ஆளுக்கொரு சைகைப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். இவள் பட்டாம்பூச்சியைத் தேர்ந்தெடுத்தாளாம். கட்டை விரல்களைக் கோத்து, மற்ற விரல்களைச் சிறகடிக்கவிட்டு, பிள்ளைகள் முன்னால் நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாளாம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்னங்க மேடம், ஒருத்தருமே அப்படிச் சொல்ல மாட்டேங்கறாங்க. என்னையப் பத்திப் பேசறப்பல்லாம் மூக்கைப் புடிச்சுக்கறாங்க. வந்த அன்னிக்கு ஹாஸ்டல் பாத்ரூம் பக்கம் போனப்ப மூக்கைப் புடிச்சிட்டனுங்க, அதையே பேரா வெச்சுட்டாங்க. இதை எப்படிங்க மாத்தறது?"

மாற்ற முடியாது என்றேன். பட்டாம்பூச்சி பறந்துவிட்டது, இனி மூக்கோடு வாழப் பழகிக்கொள் என்றேன். அவளுக்கு வருத்தம்தான். "இதையெல்லாம் யாருமே எங்களுக்குச் சொல்லித் தரலீங்களே, நீங்களாச்சும் எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் அவள் கேட்டது ஒன்று, நான் எழுதப்போவது இன்னொன்றாக இருக்கும்.

எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. சேந்தமங்கலத்தில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, துணிக்கடை. கடைக்கு வந்துபோன வாய் பேசாத ஒரு தையல்காரரைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது. இரண்டு வருடம் வெளியூரில் பயிற்சி. அங்கே படித்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: பிள்ளைகளின் கையைக் கட்டு, வாயைத் திற. இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கங்கே சில வருடம் ஓட்டிவிட்டு, தொண்ணூற்றேழில் கொல்லிமலை அடிவாரத்துப் பள்ளியில் சேர்ந்தேன். பிள்ளைகளில் பாதிப்பேர் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள்.

எங்கள் ஹெச்.எம். அந்தப் பாடத்தை எழுதியவரே தான்தான் என்பதுபோல் நடந்துகொள்வார். காலையில் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகள் இரண்டு கைகளையும் டெஸ்க் மேல் மடக்கி வைக்க வேண்டும். கை எழுந்தால் ஸ்கேல் இறங்கும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வர வேண்டும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிள்ளையின் உதட்டுக்கு முன்னால் பிடிப்பார். 'ப' என்றால் காகிதம் அசைய வேண்டும். 'ம' என்றால் அசையக் கூடாது. பிள்ளையின் ஒரு கையைத் தன் தொண்டையிலும் இன்னொரு கையை அதன் தொண்டையிலும் வைத்து, அதிர்வைத் தெரிந்துகொள்ளச் சொல்வார். பிள்ளைகள் அவருடைய வெற்றிலைப் பாக்கு வாசனையைத் தெரிந்துகொண்டார்கள். ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் முன்னால் ஒரு பிள்ளை 'வணக்கம்' சொல்ல வேண்டும் என்பது அவருடைய லட்சியம். ஒன்பது மாதம் அதற்கான உழைப்பு நடக்கும். வெளியில் ஒன்பது மாதத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது. எங்கள் பள்ளியில் ஒரு வணக்கம் பிறக்கும், அதுவும் சில வருடம் குறைப்பிரசவம்.

"கை பேசுச்சுன்னா வாய் பேசாதுங்க டீச்சர்" என்பார். அவர் முதுகு திரும்பியதும் நாற்பது ஜோடிக் கைகள் பேச ஆரம்பிக்கும். விடுதியில், சாப்பாட்டு வரிசையில், குழாயடியில் எல்லாம் ஒரே பேச்சு. அதில் ஹெச்.எம்.முக்குத் தெரியாத ஒரு பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. அது பெயர் வைப்பது.

பள்ளிப் பதிவேட்டில் ஐந்து ராஜாக்கள், நான்கு லட்சுமிகள். கைகளில் ஒருவர் பெயர் இன்னொருவருக்குக் கிடையாது. கன்னத்தில் விரலைக் குத்தினால் குழி விழுகிறவள். உள்ளங்கையில் வட்டம் போட்டுத் தட்டினால், வந்த அன்று ஐந்தாவது இட்லி கேட்டவன். அவன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, இன்னும் இட்லிதான். ஆளைப் பார்த்ததும் கண்ணில் எது படுகிறதோ அதுதான் பெயர், அதில் மட்டு மரியாதை ஒன்றும் கிடையாது. யாரும் தனக்குத்தானே வைத்துக்கொள்ளவும் முடியாது. மற்றவர்கள் பார்த்து வைப்பார்கள்.

எனக்கு வைக்க அவர்கள் பத்து நாள் எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள், என்னைப் பற்றி இரண்டு பெண்பிள்ளைகள் பேசிக்கொள்வதைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்து மேலுதட்டில் வைத்தார்கள். என் முன்பல். ஆறு மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்றுவிட்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடறோங்க" என்று எழுந்து போகக் காரணமாயிருந்த பல். பாத்ரூமுக்குள் போய் அழுதேன். மறுநாள் கீர்த்தனா செய்ததையே நானும் செய்தேன். கூந்தலில் பூ வைப்பதுபோல் காட்டி, இதுதான் என் பெயர் என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருத்தி பெரிய மனுஷியாக என் தோளைத் தட்டி, மேலுதட்டில் கொக்கி போட்டுக் காட்டி, உனக்கு நாங்கள் வைத்தாயிற்று என்றாள். நாற்பத்தைந்து வயதில் அந்தப் பல்லை எடுத்துவிட்டுப் புதுப்பல் கட்டிக்கொண்டேன். பெயர் போகவில்லை.

இவ்வளவு தெரிந்ததும், இந்த விஷயத்தில் நான் கரை கண்டவள் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் வழுக்கியது.

சேர்ந்த இரண்டாம் வருடம் பள்ளிக்குப் பிள்ளை சேர்ப்பதற்காக மலையில் ஊர் ஊராக நடந்தேன். தேவனூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர். அங்கே பாப்பாத்தியைப் பார்த்தேன். வயது பத்தொன்பது. பிறவியிலேயே காது கேட்காது. அவளுடைய தாய்மாமனுக்கும் கேட்காது. அதனால் அந்த ஊரில் காது கேட்கிறவர்களுக்கும் கை பேசத் தெரியும். ஊருக்கே கைப்பெயர் இருந்தது. பாப்பாத்திக்கு இடது புருவத்தின் குறுக்கே ஒரு கோடு. சின்ன வயதில் பலா மரத்திலிருந்து விழுந்து கிழிந்த தழும்பு அது. ஸ்கேலுக்குப் பயப்படாமல் கைகள் நடமாடுகிற ஊரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது.

பள்ளியில் சேர்க்க அவளுக்கு வயது தாண்டிவிட்டது. ஆனால் சேலத்தில் காது கேளாத பெண்களுக்குத் தையல் கற்றுத்தரும் விடுதி ஒன்றில் இடம் இருந்தது. இருபது வயதுக்குள் சேர வேண்டும். காது கேளாதவர், அறிவுத்திறனில் குறை இல்லாதவர் என்று சான்றிதழ் வேண்டும். அவள் அம்மா செல்லம்மா என்னிடம் சொன்னது இது:

"படிக்க வெக்கறதுக்குத்தானுங்க குடுத்து வெக்கலை. கைத்தொழிலு ஒண்ணு இருந்தா பொழைச்சுக்குவாளுங்க டீச்சரம்மா. இல்லீன்னா எங்க காலத்துக்கப்புறம் ஊரான் காட்டுல மொளகு பொறுக்கிட்டு, ஆரு ஊட்டுத் திண்ணையிலயோ கெடக்கோணும். எப்படியாச்சும் பண்ணி உடுங்க சாமி."

சான்றிதழ் முகாம் மலை மேல் செம்மேட்டில் ஒரு கூடத்தில் நடந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். கீழேயிருந்து வேனில் போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரைக்கும் ஹெச்.எம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வாயே திறக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் வாயைத் திறக்கப் பாடுபட்டவருக்கு அந்த இரண்டு மணி நேரம் நல்ல ஓய்வு.

முகாமில் ஓர் இளம் டாக்டர் காதைச் சோதித்தார். அறிவுத்திறன் பகுதியை நிரப்பும் பொறுப்பு, அனுபவஸ்தர் என்பதால், எங்கள் ஹெச்.எம்.முக்கு. பள்ளி முத்திரை குத்துவது என் வேலை. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'தன் பெயரை அறிவாரா?' ஹெச்.எம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வந்தவரை ஸ்டூலில் உட்கார வைப்பார். பின்னால் போய் நின்று, பெயரை மூன்று தடவை, ஒன்றைவிட ஒன்று உரக்கக் கூப்பிடுவார். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து விநாடி, கைக்கடிகாரத்தைப் பார்த்து. பிறகு முன்னால் வந்து வாயை அகலப் பிளந்து, ஓசையில்லாமல் மூன்று தடவை. கடைசியாகப் பெயரை மையால் எழுதிய அட்டை. பள்ளிக்கூடமே பார்க்காதவருக்கு அட்டை! செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்கிறவர்கள்கூட, ஊதிவிட்டு அதற்கு மார்க் போட்டதில்லை.

பாப்பாத்திக்கு முன்னால் வரிசையில் குண்டனி நாட்டிலிருந்து அதே சான்றிதழுக்காக வந்த இளைஞன் ஒருவன் நின்றான். குளிருக்குக் கைகளை அக்குளில் சொருகியிருந்தான். அழைத்து வந்தவர் உறவு இல்லை, லாரியில் கூட வந்த ஊர்க்காரர். பெயர் கேட்டதற்கு, "ஊமையன்னுதானுங்க கூப்புடுவோம். நீங்களே ஏதாச்சும் பேரு போட்டுக்குங்க" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் முருகன் என்று போட்டார். ஐந்து நிமிடத்துக்கு முன் வைத்த அந்தப் பெயரைத்தான் ஹெச்.எம். பின்னால் நின்று மூன்று தடவை கத்தினார். அவன் திரும்பவில்லை. வாயைப் பிளந்து காட்டினார், அட்டையைக் காட்டினார். 'பெயர் அறியார். அறிவுத்திறன் குறைவு' என்று எழுதித் தாளை என் பக்கம் தள்ளினார். நான் பாப்பாத்தியின் விண்ணப்பத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் முத்திரை குத்தினேன்.

அடுத்து பாப்பாத்தி. மூன்று கத்தல், மூன்று பிளப்பு, அட்டை. அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஹெச்.எம். பேனாவைத் திறந்தார்.

"சார், காதே கேக்காத பொண்ணுங்க. அந்தப் பேரை அவ கேட்டதே இல்லீங்க" என்றேன்.

"ஏனுங்க டீச்சர், பத்தொம்பது வயசுல சொந்தப் பேரு தெரியலீன்னா அதுக்கு வேற என்னங்க எழுதறது?"

"அவளுக்கு வேற பேரு இருக்குதுங்க சார். கையில சொல்ற பேரு."

இதைக் கேட்டு டாக்டர் நிமிர்ந்தார். "அப்படியா? அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, பார்க்கலாம்" என்றார்.

கரை கண்டவள் எழுந்தேன். பாப்பாத்தியின் எதிரில் போய் நின்று, என் இடது புருவத்தின் குறுக்கே அழகாக ஒரு கோடு இழுத்தேன். அவள் தன் புருவத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி இழுத்தேன். முந்தானையை எடுத்து நன்றாகவே துடைத்தாள். ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். மூன்றாவது தடவை இழுத்தபோது, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

ஹெச்.எம். வாய்விட்டுச் சிரித்தார். "கைப்பேரும் தெரியலீங்களே டீச்சர்! எழுதிப் போடுங்க, நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்று எழுந்து வெளியே போனார். அவளைக் காப்பாற்ற வந்த நானே அவள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் செல்லம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள். அவளுக்குக் கோபம்.

"ஏனுங்க டீச்சரம்மா, அவ மூஞ்சிக்கு முன்னால நின்னு அவ பேரையே சொன்னா, அவ என்னங்க நெனைப்பா? பேருங்கறது ஆளு இல்லாதப்ப அவங்களைப் பத்திப் பேசறதுக்குங்க. கூப்புடறதுக்குத் தோளைத் தட்டோணும், இல்லீன்னா கீழ ஒரு மிதி மிதிக்கோணும். இது தெரியாமயா ரெண்டு வருசமா புள்ளைங்களுக்குப் பாடஞ் சொல்றீங்க?"

நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இரண்டு வருடமாகத் தினமும் பார்த்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடத் தோளைத் தட்டுவார்கள், டெஸ்க்கைக் குத்துவார்கள், எட்டத்தில் இருந்தால் சாக்பீஸை எறிவார்கள். என் முகத்துக்கு நேரே அந்தக் கொக்கியை ஒருவரும் சும்மா போட்டதில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது காதுள்ளவர்களின் வழக்கம். ஹெச்.எம். அதை வாயால் செய்தார், நான் கையால் செய்தேன். எனக்கும் அவருக்கும் வேறு வித்தியாசம் இல்லை.

டாக்டர் புத்திசாலி. ஒரு நிமிடம் யோசித்தார். செல்லம்மாவை வெளியே அழைத்துப் போய், வீட்டில் யார் யார், இன்று யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பிறகு அதையே பாப்பாத்தியிடம் கேட்கச் சொன்னார். நான் அவள் தோளைத் தட்டினேன். கேட்டேன். கைகள் பொரிந்து தள்ளின. மோவாயில் தாடி இழுத்தால் மாமன், அவர் சோளக்காட்டுச் சந்தைக்கு வாழைத்தார் கொண்டுபோயிருக்கிறார். காதோரம் பூச் செருகினால் அக்கா, அவளுக்கு இது ஏழாம் மாதம். ஒரு காலை நொண்டிக் காட்டினால் பக்கத்து வீட்டுக்காரர், அவர்தான் இன்று மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். டாக்டர் கையிலிருந்த தாளோடு ஒன்றுகூடப் பிசகவில்லை.

அதோடு அவள் நிறுத்தவில்லை. அவளும் ஒன்று கேட்டாள். இங்கே ஹெச்.எம்.மின் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உச்சி வழுக்கை. இடது காதுக்கு மேல் இருந்த கொஞ்சம் முடியை நீளமாக வளர்த்து, எண்ணெய் வைத்து, வழுக்கையைத் தாண்டி வலது காது வரைக்கும் படிய வாரியிருப்பார். எங்கள் பிள்ளைகள் அவரை எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? உள்ளங்கையை இடது காதில் ஆரம்பித்து உச்சி வழியாக வலது காது வரை இழுப்பார்கள். அவர்களில் ஒருவரையும் பாப்பாத்தி கண்டதில்லை. ஆனால் ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறாரே, பெயர் வேண்டுமே. அவள் உள்ளங்கையை இடது காதில் வைத்தாள், உச்சி வழியாக வலது காது வரை இழுத்தாள். பிறகு கேட்டாள்: அந்த ஆள் ஏன் என் முன்னால் வந்து மூன்று தடவை வாயைப் பிளந்தார்? பல் வலியா?

நான் அதை அப்படியே டாக்டருக்குத் தமிழில் சொன்னேன். அவர் பேனா கீழே விழுந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹெச்.எம். உள்ளே வந்து, "என்னங்க டாக்டர், ஜோக்குங்களா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். பொண்ணு உங்களை விசாரிச்சா" என்றார் டாக்டர். பிறகு படிவத்தை இழுத்து, "இந்தப் பகுதியை நானே எழுதிடறேன்" என்று சொல்லி, 'அறிவுத்திறனில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஹெச்.எம். அதை மறக்கவில்லை. திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. பள்ளி விதிக்கு மாறாகப் பொது இடத்தில் கைகளை அசைத்துப் பேசியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார். கைகளை அசைக்காமல் இந்தப் பதிலை எழுத முடியவில்லை, அதற்கும் சேர்த்து மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. வாய்ப்பேச்சு முறையில் எனக்குக் கிடைத்த ஒரே பலன் அந்த மூன்று மாதம்தான்.

இரண்டு வருடம் கழித்து சேலம் விடுதிக்குப் போனேன். தையல் கூடத்தில் முப்பது பெண்கள். ஒருத்தியின் தோளைத் தட்டி, புருவத்தில் கோடு இழுத்து, எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றாள். அப்படி யாருமே இல்லை என்றார்கள் எல்லோரும். ஓடிப்போய்விட்டாளோ, துரத்திவிட்டார்களோ என்று பயந்தேன். கடைசியில் ஜாடை, வயது, ஊர் எல்லாம் சொன்ன பிறகு ஒருத்தி புரிந்துகொண்டு, சுண்டு விரலை நெற்றிக்கு முன்னால் இரண்டு தடவை திருகினாள். 'ஏன்' என்று கேட்பதற்கு அவர்கள் வைத்திருந்த சைகை அது. அங்கே அதுதான் அவள் பெயர். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டு டீச்சரின் உயிரை வாங்குகிறாளாம். அறிவுத்திறன் குறைவு என்று எழுதப் பேனாவைத் திறந்தார்களே, அவளுக்கு!

மெஷினிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். சதை போட்டிருந்தாள். தான் தைத்த ஜாக்கெட்டைக் காட்டினாள், என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பெயருக்கு ஏற்றபடி உடனே கேள்வியும் கேட்டாள். முகாமில் தனக்கு முன்னால், அக்குளில் கை சொருகிக்கொண்டு நின்றவனை இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்டீர்களா? அவன் எங்கே? அவனை ஏன் அப்படியே அனுப்பிவிட்டீர்கள்?

இரண்டு வருடத்தில் அவன் என் நினைவுக்கே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குண்டனி நாட்டுக்கு பஸ் ஏறினேன். காது கேளாத முருகன் என்று நான்கைந்து ஊர்களில் விசாரித்தேன். அப்படி ஒருத்தரும் இல்லை என்றார்கள். ஊமையன் என்று கேட்டேன். "எந்த ஊமையனுங்க? எங்கூர்லயே ரெண்டு பேருங்க, ஒருத்தன் கேரளாப் பக்கம் லாரி ஏறிப் போயிட்டான்" என்றார்கள். இருந்தவனைப் போய்ப் பார்த்தேன், அவனில்லை. கடைசியாக ஒரு டீக்கடையில், வேறு வழி தெரியாமல், இரண்டு கைகளையும் அக்குளில் சொருகி, தோளைக் குறுக்கி, இப்படி நிற்பவனைத் தெரியுமா என்று நின்று காட்டினேன்.

"குளுருதுங்களா டீச்சரம்மா? உள்ள வாங்க, சூடா ஒரு டீ குடிங்க" என்றார் கடைக்காரர்.

குடித்தேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனேன், கிடைக்கவில்லை. அவனுக்கும் அவன் ஊரில் யாராவது ஒரு கைப்பெயர் வைத்திருப்பார்கள். அது தெரிந்திருந்தால் தேடிப் பிடித்திருக்கலாம். அன்று அவனோடு லாரியில் வந்தவர் என் மேஜையிலிருந்து மூன்றடி தூரத்தில்தான் நின்றார். நான் கேட்கவில்லை.